போக்கேயும் பிபிம்பாப்பும், திரும்பி வந்த கிண்ணங்களும்

வேலை நாட்களில் என் மனைவியை நான் மத்தியானம் பன்னிரண்டே முக்காலுக்கு ஒரு சுவரில் சந்திப்பேன். சந்திப்பேன் என்பது கொஞ்சம் கூடின சொல். சாப்பிட்டு முடித்த தட்டத்தைச் சுவரில் உள்ள நீளமான துவாரத்துக்குள் வைப்பேன். அங்கே ஓடும் பட்டி அதை உள்ளே இழுத்துக்கொண்டு போகும். அந்தப் பக்கத்தில் நீலக் கையுறை போட்ட இரண்டு கைகள் தெரியும். அவை என் மனைவியின் கைகள். நான் "ம்" என்பேன். கைகளில் ஒன்று ஒரு கரண்டியைத் தூக்கி ஆட்டும். பதினெட்டு வருடமாக எங்கள் மத்தியான உரையாடல் இவ்வளவுதான். இதைவிட நிறையப் பேசி, இதைவிடக் குறைவாக ஒத்துப்போன தம்பதிகளை எனக்குத் தெரியும்.

ஜெர்மனியில், கொலோனுக்கும் ஆஹெனுக்கும் நடுவில், ரயில் நிற்பதா விடுவதா என்று யோசித்து நிற்கிற ஒரு சின்ன நகரம் எங்களுடையது. அங்கே நூலகத்தில் எனக்கு வேலை. நூலகத்துக்கும் பக்கத்து அலுவலகங்களுக்கும் பொதுவாக ஒரு கன்ரீன். அந்தக் கன்ரீனில், கழுவ வருகிற சாப்பாட்டுக் கோப்பைகளை வழித்துக் கொட்டி இயந்திரத்துக்குள் அடுக்குவது மனைவியின் வேலை. நான் நூலகத்தில் புத்தகம் திருப்பி வாங்கும் மேசையில் இருக்கிறேன். ஆக, இந்த நகரத்து மக்கள் முடித்துவிட்டோம் என்று நினைத்துத் திருப்பித் தருகிற எல்லாவற்றையும் எங்கள் குடும்பம்தான் பொறுப்பேற்கிறது.

அந்தத் துவாரத்துக்குப் பின்னால் நின்று அவள் படித்த படிப்பு சாதாரணமானதல்ல. மீனுக்கு மேலே ஊற்றுகிற வெள்ளைச் சோஸ் திரும்பி வரும், உருளைக்கிழங்கு வராது. வெயில் ஏறினால் இறைச்சி அரைவாசி திரும்பி வரும். வரி அலுவலகத்து ஆட்களுக்குக் கூட்டம் இருக்கிற நாளில் இனிப்புக் கிண்ணங்கள் நக்கினது போல வரும். நான் ஏதாவது புத்தகத்தில் மனித இயல்பைப் பற்றி வாசித்துவிட்டு வந்து வீட்டில் விளக்கினால், அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதை நான் கோப்பையில கண்டிருக்கிறன்" என்பாள்.

போன வருடம் வசந்தத்தில் கன்ரீன் பொறுப்பாளர் ஒரு அறிவித்தல் ஒட்டினார். அலுவலகங்களில் உள்ள இளம் ஆட்கள் மத்தியானத்தில் வெளியே போய்க் கிண்ணச் சோறு வாங்கிக்கொண்டு வருகிறார்களாம். அதனால் கன்ரீனின் முன்பக்கத்தில் கிண்ணச் சோற்றுக்கென்று தனியாக ஒரு பகுதி திறக்கப் போகிறார்கள். குசினியில் வேலை செய்கிற எவரும் ஒரு சாப்பாட்டைத் தெரிவுசெய்து பெயர் கொடுக்கலாம். ஆளுக்கு ஒரு நாள் பரீட்சை. எது எடுபடுகிறதோ அதைக் கொண்டுவந்தவர்தான் அந்தப் பகுதியில் நிற்பார்.

அன்று பின்னேரம் வெங்காயம் உரித்துக்கொண்டே மனைவி சொன்னாள்.

"நான் பேர் குடுத்திட்டன்."

"எதுக்கு?"

"முன்னுக்கு நிக்க."

நான் வாசித்துக்கொண்டிருந்ததை மூடினேன். பதினெட்டு வருடத்தில் அவள் எதற்கும் பெயர் கொடுத்ததில்லை. டிசம்பரில் நத்தார் ஒன்றுகூடலுக்குக்கூட நான்தான் எழுதிக் கொடுப்பேன்.

"பதினெட்டு வருசமாச் சாப்பிட்டு முடிஞ்ச கோப்பையளைத்தான் பாக்கிறன். சாப்பிட முதல் ஆக்களின்ர முகம் எப்பிடி இருக்குமெண்டு ஒருக்காப் பாக்கவேணும்," என்றாள். "அவையளும் என்ர முகத்தைக் கண்டதில்லை. கையைத்தான் கண்டிருப்பினம்."

"சரி, எடுபடாட்டி?"

"எடுபடாட்டி ஒண்டுமில்லை. இருந்த இடத்திலயே இருப்பன்." வெங்காயத்தை இரண்டாக வெட்டினாள். "அதுதான் பயம்."

அவளோடு சேர்த்து இரண்டு பேர்தான் பெயர் கொடுத்திருந்தார்கள். மற்றவள் சலாட் பகுதியில் வேலை செய்கிற ஒரு ஜெர்மன்காரி. கெட்டிக்காரி, எந்நேரமும் சிரிப்பாள், தக்காளியில் பூச்செய்யத் தெரிந்தவள். அவள் போக்கே என்று எழுதிவிட்டாள். மனைவி சாப்பாட்டின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'பிறகு அறிவிக்கப்படும்' என்று எழுதியிருந்தாள். அந்த வசனத்தை இந்த நாட்டு அலுவலகக் கடிதங்களிலிருந்து கற்றுக்கொண்டிருக்கிறாள்.

"முதல்ல போக்கே எண்டா என்னெண்டு பாக்கவேணும். மற்றதை அதுக்குப் பிறகு யோசிப்பம்," என்றாள்.

மகள் ஆஹெனில் படிக்கிறாள். அடுத்த சனிக்கிழமை அவளிடம் போனோம். பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்துத் தெருவில், மூங்கில் ஒட்டின சுவரோடு ஒரு போக்கே கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"ஹவாயில மீன்பிடிக்கிற ஆக்கள் பிடிச்ச மீனைச் சின்னச் சின்னத் துண்டா வெட்டி, உப்பும் கடற்பாசியும் பிரட்டிச் சாப்பிட்டது, அம்மா. பிறகுதான் சோயாவும் நல்லெண்ணெயும் வந்தது, சோத்துக்கு மேலயும் போடத் தொடங்கினவை," என்றாள் மகள்.

"பச்சையாவோ?"

"ஓம், பச்சையாத்தான்."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் பல நூல்களை வாசித்தவன் என்ற முறையில் தலையை ஆட்டினேன்.

அந்தக் கடையில் வாயால் சொல்லி வாங்குவதில்லை. ஒரு தாளும் பென்சிலும் தருவார்கள். அடியில் போடுவது எது, மீனா கோழியா, மேலே போடுபவை ஐந்து, சோஸ் ஒன்று, மொறுமொறுப்புக்கு இரண்டு. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு சதுரக் கட்டம். எங்கள் வீட்டில் சோறு வரும், கறி வரும், சாப்பிடுவேன். எனக்கு என்ன வேண்டும் என்று இவ்வளவு விபரமாக இதுவரை எவரும் கேட்டதில்லை. இருபத்தாறு வருடமாக இந்த நாட்டில் அந்த்ராக் என்கிற விண்ணப்பங்களை நிரப்பி நிரப்பி, ஒரு கட்டம் பிழைத்தாலும் முழுவதும் திரும்பி வரும் என்ற பயம் விரல் நுனிவரை ஊறியிருக்கிறது. நான் ஒவ்வொரு வரியையும் இரண்டு தரம் வாசித்தேன்.

"அப்பா, பின்னால ஆக்கள் நிக்கினம்."

"பொறு பிள்ளை. இதில மாம்பழமும் அன்னாசியும் ஒண்டாப் போடலாமோ எண்டு எழுதேல்லை."

ஒருவாறு நிரப்பிக் கொடுத்தேன். கடைக்காரப் பெண் தாளை வாங்கி, ஒரு தரம் பார்த்தாள், திருப்பி ஒரு தரம் பார்த்தாள். கீழே நான் இடமும் தேதியும் எழுதிக் கையெழுத்தும் வைத்திருந்தேன். பழக்க தோஷம். அவள் முகத்தை நேராக வைத்துக்கொண்டு, பிரதி ஒன்று வேண்டுமா என்று கேட்டாள். மகள் கடைக்கு வெளியே போய் நின்றுகொண்டாள்.

ஆனால் கிண்ணம் வந்ததும் மகள் திரும்பி வந்தாள், நான் வெட்கத்தை மறந்தேன். இவ்வளவு அழகான சாப்பாட்டை நான் படத்தில்தான் கண்டிருக்கிறேன். சூரைமீன் சதுரத் துண்டுகள் இருட்டான சிவப்பு, வெட்டின பக்கத்தில் கண்ணாடி போல மினுங்கின. பக்கத்தில் மாம்பழம், அதற்குப் பக்கத்தில் பச்சைச் சோயா அவரை, பிறகு விசிறி போல வெட்டின அவகாடோ, இளஞ்சிவப்பு இஞ்சி, மேலே கறுப்பு எள்ளு. ஒன்றின் எல்லைக்குள் ஒன்று வராமல், நன்றாக வளர்த்த பிள்ளைகள் போல இருந்தன. மீனை வாயில் வைத்தேன். குளிர்ச்சி, உப்பு, பின்னால் நல்லெண்ணெய் வாசம். மீன் நாற்றம் என்று ஒன்று இல்லவே இல்லை. இதுவரை நான் மீனைச் சாப்பிட்டதில்லை, மீன்மேல் போட்ட சரக்குத்தூளைத்தான் சாப்பிட்டிருக்கிறேன் என்ற எண்ணம் வந்தது. அடுத்த வாயில் மாம்பழத்தோடு சேர்த்தேன். அதற்கடுத்தது இஞ்சியோடு. ஒவ்வொரு வாயும் புதுச் சாப்பாடு. சாப்பிடுகிறவனை நம்பி ஒப்படைத்திருக்கிறார்கள். அந்த மரியாதை எனக்குப் பிடித்துக்கொண்டது.

அந்த உற்சாகத்தில் கை தன்பாட்டில் ஒரு ஓரத்தில் குழைக்கத் தொடங்கியது.

"அப்பா, குழைக்காதேங்கோ. இது அப்பிடிச் சாப்பிடுறதில்லை."

நான் கையை எடுத்தேன். மனைவி எங்கள் இருவரையும் கவனிக்கவில்லை. பாதி சாப்பிட்டபடி, கதவுக்குப் பக்கத்தில் வெறும் கிண்ணங்கள் வைக்கிற அலுமாரியை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீர் என்ன மற்றாக்களின்ர மிச்சத்தைப் பாக்கிறீர்?" என்று குசுகுசுத்தேன்.

"மேல இருக்கிறதெல்லாம் முடிஞ்சிருக்கு. சோறு திரும்பி வருகுது," என்றாள். "எல்லாக் கிண்ணத்திலயும் அடியில வெறுஞ் சோறு. இவையளுக்கு மீன் வேணும், மாம்பழம் வேணும். சோத்தை மெத்தை மாதிரிப் போட்டிருக்கு, அவ்வளவுதான்."

அடுத்த கிழமை முழுவதும் நான் யோசித்து, பிபிம்பாப்பைக் கண்டுபிடித்துச் சொன்னேன். கண்டுபிடித்தேன் என்றால், நூலகத்தில் சமையல் புத்தகம் ஒன்றைத் திருப்பித் தந்த பெண்மணி அந்தப் பக்கத்தில் ஒரு பஸ் ரிக்கெற்றை வைத்து மறந்திருந்தார். கொரியாச் சாப்பாடு. சோற்றுக்கு மேலே மரக்கறிகள், முட்டை, மிளகாய்க் களி. எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து சாப்பிட வேண்டும் என்று எழுதியிருந்தது.

"கலந்து எண்டா குழைச்சோ?" என்று கேட்டாள் மனைவி.

"அப்பிடித்தான் போட்டிருக்கு."

"அப்ப போய்ப் பாப்பம்."

சனிக்கிழமை ரயிலேறி டுசல்டோர்ஃப் போனோம். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஏழெட்டு மேசையோடு ஒரு கொரியாக் கடை. அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா தனியாக ஓடித் திரிந்தார். கறுத்தக் கல்லுக் கிண்ணம் ஒன்றை மரத்தட்டில் வைத்துக் கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்தார். கீரை ஒரு பக்கம், கரட் ஒரு பக்கம், முளைவிட்ட பயறு, காளான், சுக்கினி, நடுவில் பொரித்த முட்டை சூரியன் மாதிரி. முதல் பார்வைக்குப் போக்கேயின் அக்கா போலத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு மரக்கறியையும் தனித்தனியே அவித்து, பிழிந்து, அதற்கு உரிய அளவு உப்பும் உள்ளிப்பூண்டும் நல்லெண்ணெயும் போட்டுப் பிரட்டி எடுத்திருந்தார்கள். முளைவிட்ட பயறுக்குக்கூடத் தனி உபசாரம். வெள்ளிக்கிழமைகளில் முட்டையை விட்டுவிட்டால் விரதத்துக்கும் பொருந்தும் என்று மனைவி உடனே கணக்குப் போட்டாள்.

கடைக்கார அம்மா மிளகாய்க் களியைத் தந்து, "வெள்ளைச் சோறு கண்ணில் தெரியாதவரை நன்றாகக் கலக்குங்கள்" என்று ஜெர்மனில் சொல்லிவிட்டுப் போனார்.

இந்த இடத்தில் நான் செய்ததை எழுதாமல் விடலாம். ஆனால் பிறகு நடந்ததெல்லாம் அதிலிருந்துதான் வந்தது.

இங்கே வந்த எங்கள் தலைமுறை எவரும் சொல்லித்தராமல் கற்றுக்கொண்ட பாடம் ஒன்று, வெளியில் சோறு குழைக்காமல் சாப்பிடுவது. முள்ளுக்கரண்டியால் சோற்றை ஒரு பக்கத்தால் தொட்டு, கறியை மறுபக்கத்தால் தொட்டு, இரண்டுக்கும் அறிமுகம் இல்லாதது போல விழுங்குவோம். வீட்டில் திரைச்சீலை போட்ட பிறகுதான் விரலுக்கு விடுதலை. அப்படிப்பட்ட எனக்கு, முழு ஜெர்மனியிலும் முதல் தடவையாக ஒருவர் பொது இடத்தில் வைத்துக் குழைக்கச் சொல்கிறார். நான் எழும்பிப் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தேன். சேட்டுக் கையை மடித்தேன்.

"கரண்டி இருக்கு," என்றாள் மனைவி.

"கரண்டியால குழைச்சா ருசி ஏறாது. குழைக்கிறதை எங்களுக்கு ஆரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நீர் பேசாமல் இரும்."

கிண்ணம் சீறிக்கொண்டிருந்தது. அதை நான் வரவேற்பு என்று நினைத்தேன். ஐந்து விரலையும் சேர்த்து, முட்டையைப் பிளந்து, அடிவரைக்கும் விட்டேன்.

அந்தக் கல்லை நெருப்பில் நேரே வைத்து எடுக்கிறார்கள் என்பது புத்தகத்தின் அடுத்த பக்கத்தில் இருந்தது.

நான் கத்தவில்லை. ஒரு சத்தம் வந்தது, அது என்னுடையதா என்று பக்கத்து மேசைக்காரர்கள்போல நானும் திரும்பிப் பார்த்தேன். கடைக்கார அம்மா ஓடிவந்து, என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குசினித் தண்ணீர்க் குழாயின் கீழ் வைத்தார். பத்து நிமிடம் கையை எடுக்க விடவில்லை. பிறகு ஈரத்துணி சுற்றி மேசைக்குக் கூட்டிவந்து இருத்தி, நீளப்பிடிக் கரண்டியை எடுத்து, என் கிண்ணத்தைத் தானே குழைத்தார். அடியில் பிடித்திருந்த சோற்றை மெல்லச் சுரண்டிச் சுரண்டி மேலே கொண்டுவந்தார். கீரையும் கரட்டும் முட்டை மஞ்சளும் களியும் ஒன்றாகிச் சோறு முழுவதும் செம்மஞ்சளானது. எனக்கு ஐம்பத்திரண்டு வயது. கரண்டியை இடது கையில் தந்து, "இப்போது சாப்பிடுங்கள்" என்றார்.

சாப்பிட்டேன். கையின் எரிவு ஒரு பக்கம் இருந்துகொண்டேயிருந்தது, ஆனாலும் சாப்பிட்டேன். போக்கேயில் ஒவ்வொரு வாயும் வேறு வேறு. இதில் ஒவ்வொரு வாயும் ஒன்றேதான், ஆனால் அந்த ஒன்றுக்குள் எல்லாம் இருந்தது. களியின் உறைப்பு முன்னால் வரும், அதைத் தொடர்ந்து இனிப்பு, பிறகு கீரையின் நல்லெண்ணெய். இடையில் பல்லில் அகப்படுகிற அந்த மொறுமொறு அடிச்சோறு. எங்கள் வீடுகளில் அடிப்பிடித்தால் யாருடைய பிழை என்று விசாரணை நடக்கும். இவர்கள் அதைத் திட்டம்போட்டுச் செய்து, விருந்தாளிக்கு முன்னால் வைக்கிறார்கள். அப்படி ஒரு துணிச்சலை நான் மதிக்கிறேன்.

திரும்பும் ரயிலில் நான் கட்டுப்போட்ட கையை உயர்த்திப் பிடித்தபடி, இரண்டு சாப்பாட்டுக்கும் உள்ள தத்துவ வேறுபாடுகளை விளக்கிக்கொண்டு வந்தேன். மனைவி யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கள் ஒரு பருக்கை மிச்சம் விடேல்லை," என்றாள் நடுவில்.

"நல்லா இருந்தது."

"அந்த அம்மா குழைச்சுத் தந்தபடியால்தான். பக்கத்து மேசையில ஒரு சோடி அப்பிடியே கேக் வெட்டுறமாதிரி வெட்டிச் சாப்பிட்டது. சோறு அரைவாசி மிச்சம். அவ மற்ற மேசையளுக்கும் போய்க் குழைச்சவ, நீங்கள் காணேல்லை. அந்தக் கிண்ணமெல்லாம் வெறுமையாத் திரும்பினது."

"நான் இஞ்ச கை வெந்துபோய் இருக்கிறன், நீர் கிண்ணம் எண்ணினீரோ?"

"உங்கட கையைத்தான் அந்த அம்மா பாத்தாவே."

பரீட்சைக்கு இரண்டு கிழமை இருந்தது. மனைவி பிபிம்பாப் என்று எழுதிக் கொடுத்தாள். இடது கையால் நான் நான்கு பக்கத்தில் ஒரு ஒப்பீட்டு அறிக்கை எழுதினேன். நிறம், வெப்பநிலை, உண்பவரின் சுதந்திரம் என்று உபதலைப்புகள். அவள் அதைக் கவனமாக மடித்து வைத்தாள். பிறகு பார்த்தால் அதன் பின்பக்கத்தில் கீரை, முட்டை, எள்ளு என்று சாமான் பட்டியல் இருந்தது. கன்ரீனில் கல்லுக் கிண்ணத்துக்கு இடமில்லை. அதனால் பெரிய இரும்புத் தட்டில் நல்லெண்ணெய் பூசி, சோற்றைப் பரப்பி அமர்த்தி, அடுப்புப் பெட்டிக்குள் வைத்து அடியை முறுக வைக்கப் பழகினாள். எட்டாவது தரம்தான் சரிவந்தது. முதல் ஏழையும் நான் சாப்பிட்டேன்.

புதன்கிழமை போக்கே நாள். பச்சை மீனுக்குக் கன்ரீனில் அனுமதி இல்லாதபடியால் சலாட்காரி புகைபோட்ட சால்மனை வைத்திருந்தாள். மனைவி வழக்கம்போலத் துவாரத்துக்குப் பின்னால். நான் மனதைக் கல்லாக்கிக்கொண்டு வரிசையில் நின்றேன். ஆனால் கிண்ணத்தைக் கண்டதும் கல் கரைந்தது. செம்மஞ்சள் நிறத் தோடம்பழச் சுளைகளைத் தோல் நீக்கிச் சால்மனுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். முள்ளங்கியைப் பூவாக வெட்டியிருந்தாள். வழித்துச் சாப்பிட்டேன்.

பின்னேரம் வீட்டில் மனைவி கேட்டாள், "எப்பிடி இருந்தது?"

"பரவாயில்லை."

"பொய் சொல்லாதேங்கோ. உங்கட கிண்ணத்தைக் கண்டனான். கழுவத் தேவையில்லாமல் வந்தது."

"என்ர எண்டு எப்பிடித் தெரியும்?"

"முழுக் கன்ரீனிலயும் நீங்கள் ஒராள்தான் கரண்டியைக் குப்புற வைக்கிறனீங்கள்." பிறகு, "நல்லாத்தான் செய்திருந்தவ," என்றாள். "ஆனால் சோறு திரும்பி வந்தது. கிட்டத்தட்ட எல்லாத்திலயும்."

வியாழக்கிழமை அவளுடைய நாள். துவாரத்தில் வேறு யாருடையவோ கைகள். அவள் முன்னால், வெள்ளைத் தொப்பியோடு, நேற்றுவரை காணாத ஆட்களின் முகத்தைப் பார்த்துக் கிண்ணம் கொடுத்தாள். ஒவ்வொருவருக்கும், "நன்றாகக் கலந்து சாப்பிடுங்கள்" என்று ஜெர்மனில் சொன்னாள். குரல் மிகச் சின்னதாக வந்தது. எல்லாரும் நன்றி சொன்னார்கள். ஒருவரும் கலக்கவில்லை.

அது ஏன் என்று எனக்குத் தெரியும். கிண்ணம் அவ்வளவு அழகாக இருந்தது. கீரையையும் கரட்டையும் காளானையும் கோடு போட்டு அடுக்கியிருந்தாள். அதைக் கலைக்க யாருக்கு மனம் வரும்? பொறுப்பாளர் ஒரு மூலை மேசையில் குறிப்புப் புத்தகத்தோடு இருந்து, ஓரத்திலிருந்து ஒழுங்காக, ஒரு நிறம் முடித்து மறு நிறம் என்று சாப்பிட்டுக்கொண்டிருந்தார். களி அப்படியே ஒரு பக்கத்தில் இருந்தது.

நான் என் நூலகப் பகுதித் தலைவியோடும் இரண்டு சக ஊழியர்களோடும் இருந்தேன். தலைவி பட்டாணிக்கடலையைக்கூட முள்ளுக்கரண்டியால் ஒவ்வொன்றாக எடுத்துச் சாப்பிடுகிறவர். "இது உங்கள் மனைவியின் சாப்பாடுதானே, எப்படிச் சாப்பிட வேண்டும்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் நான்கு பக்க அறிக்கை இருந்தது. கையில் புதுத்தோலும் இருந்தது. குழைத்த சோறு பார்க்க எப்படி இருக்கும் என்று யோசித்தேன். இருபத்தாறு வருடப் பழக்கம் முழங்கையைப் பிடித்துக்கொண்டது. "விருப்பப்படி சாப்பிடலாம்," என்றேன். முள்ளுக்கரண்டியால் ஒரு ஓரத்தில் கரட்டை எடுத்தேன்.

தலையை நிமிர்த்தியபோது மனைவி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை என்று நினைத்தேன். இல்லை, எனக்குப் பின்னால் இருந்த துவாரத்தைப் பார்த்தாள். முதல் கிண்ணங்கள் பட்டியில் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் வெள்ளையாக ஒரு குவியல். சோறு திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. அவளுடைய இடமும் அதோடு சேர்ந்து அந்தத் துவாரத்துக்குள் போய்க்கொண்டிருந்தது என்பது அவளுக்கும் எனக்கும் தெரிந்தது.

அவள் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் அகப்பையைக் கொடுத்தாள். கையுறையைக் கழற்றி, கையைக் கழுவி, ஒரு கை நிறையக் கரண்டிகளை எடுத்துக்கொண்டு முன்பக்கத்தை விட்டு வெளியே வந்தாள். பதினெட்டு வருடத்தில் அவள் அந்தச் சாப்பாட்டு மண்டபத்துக்குள் வந்ததை அன்றுதான் கண்டேன். நேரே எங்கள் மேசைக்கு வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த முள்ளுக்கரண்டியை எடுத்து மேசையில் வைத்தாள். என் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து, களியைப் போட்டு, அடியிலிருந்து மேலாகக் குழைத்தாள். முட்டை உடைந்தது. கோடெல்லாம் அழிந்தது. மூன்று ஜெர்மன்காரர்களும் ஒரு விபத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

கிண்ணத்தை என் முன்னால் தள்ளிவிட்டு, எனக்கு மட்டும் கேட்கத் தமிழில் சொன்னாள். "நீங்களுமா?"

பிறகு அவர்களிடம் ஜெர்மனில், இம்முறை குரல் எழுந்து, "வெள்ளைச் சோறு தெரியாதவரை. நான் செய்து தரட்டுமா?" என்றாள்.

நான் ஒரு வாய் வைத்தேன். வேறு ஒன்றும் சொல்லும் தகுதி எனக்கில்லை. என் முகத்தில் என்ன தெரிந்ததோ, தலைவி தன் கிண்ணத்தை மெல்ல முன்னால் நகர்த்தினார். மனைவி குழைத்தாள். தலைவி சாப்பிட்டார். இரண்டாவது வாய்க்கு முள்ளுக்கரண்டியை விட்டுக் கரண்டியை எடுத்தார். பக்கத்து மேசைக்காரர் ஒருவர் கையைத் தூக்கினார், வகுப்பில் தூக்குவது போல. அவள் அங்கே போனாள். அங்கிருந்து அடுத்ததற்கு. சிலர் அவளைப் பார்த்துத் தாங்களே குழைத்தார்கள். கடைசியாகப் பொறுப்பாளரின் மேசையில் நின்றாள். அவருடைய கிண்ணத்தில் மரக்கறி முடிந்து, சோறும் களியும் மட்டும் இருந்தன. அவள் கீரையும் முட்டையும் கொண்டுவந்து போட்டு முதலிலிருந்து தொடங்கினாள். அவர் குறிப்புப் புத்தகத்தை மூடிவிட்டுச் சாப்பிட்டார். முடித்த பின், வெறுங் கிண்ணத்தைத் தானே எடுத்துக்கொண்டு சுவருக்குப் பின்னால் போனார். அங்கே நெடுநேரம் நின்றார். திரும்பி வருகிற கிண்ணங்களை அவர் பார்த்தது அதுதான் முதல் தரமாக இருக்க வேண்டும்.

திங்கட்கிழமை அவர் என் மனைவியைக் கூப்பிட்டு, புதுப் பகுதி உங்களுக்குத்தான் என்று ஒரே வசனத்தில் முடிவைச் சொன்னார். கூடவே ஒரு நிபந்தனை. மண்டபத்தில் நடந்து திரிந்து மற்றவர் கிண்ணத்தில் கை வைக்கக்கூடாது, குழைப்பதென்றால் கொடுக்கும் இடத்திலேயே கேட்டுக் குழைத்துக் கொடுக்க வேண்டும். இந்த நாட்டில் எந்த வெற்றிக்கும் ஒரு விதி பிறக்கும். அவள் உடனே ஒத்துக்கொண்டாள்.

போக்கேயும் சாகவில்லை. மனைவி சலாட்காரியிடம் போய், சோற்றைச் சோஸோடு முதலே பிரட்டிவிட்டு மீனை மேலே வை என்று சொல்லிக் கொடுத்தாள். இப்போது புதன்கிழமைகளில் சலாட் பகுதியில் அது வருகிறது, சோறு திரும்புவது குறைவு என்று கேள்வி. நானும் புதன்கிழமைகளில் அந்தப் பக்கம் போகிறேன். தட்டத்தைத் துவாரத்தில் வைக்கும்போது உள்ளே வேறு கைகள். பழக்கத்தில் "ம்" என்பேன். ஒன்றும் ஆடாது. அடையாளம் தெரியாமல் இருக்கக் கரண்டியை நிமிர்த்தி வைத்தும் பார்த்தேன், ஆனாலும் பின்னேரம் வீட்டில் மனைவி, "போக்கே சாப்பிட்டியள் போல," என்றாள். எப்படித் தெரிந்தது என்று நான் இன்னும் கேட்கவில்லை.

ஆனால் அந்த முதல் நாளைச் சொல்லி முடிக்கிறேன். புதுப் பகுதி திறந்த நாள் நான் வரிசையில் பதினைந்தாவது ஆளாக நின்றேன். அவள் ஒவ்வொருவரிடமும் நிமிர்ந்து, "கலந்தா, கலக்காமலா?" என்று கேட்டாள். ஆட்கள் அவள் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னார்கள். அவளும் அவர்கள் முகத்தை அவசரமில்லாமல் பார்த்தாள். பதினெட்டு வருடம் காத்திருந்தவள் பார்க்கிற மாதிரி. என் முறை வந்தது. என்னையும் முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பது போலப் பார்த்து, ஜெர்மனில் கேட்டாள்.

"கலந்தா, கலக்காமலா?"

"கலந்து," என்றேன், பின்னால் நின்ற தலைவிக்கும் கேட்கும்படி.

அவள் கிண்ணத்தை அப்படியே என் கையில் வைத்து, ஒரு கரண்டியையும் வைத்தாள்.

"நீங்களே குழையுங்கோ," என்றாள் தமிழில். "கை சுகம்தானே."